வனப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி. வனவியல் முடித்தவர்களும், சிவில் அல்லது வேளாண் பொறியியல் படித்துவிட்டுக் காட்டுப் பக்கம் போக ஆசைப்படுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அமெரிக்காவில் கோர்வாலிஸ் நகரத்தில் இருக்கும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தை நடுவில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வனப் பொறியியல் தனித் துறையாக வேர்விட்ட இடங்களில் அது முக்கியமானது. மற்ற நாடுகளும் நம் ஊரும் அப்புறம் வருகின்றன.

வனப் பொறியியல் என்றால் சரியாக என்ன?

எந்த மரத்தை வளர்ப்பது, எப்போது நடுவது, காடு எப்படி மீண்டு வரும் என்பதெல்லாம் வனவியலின் கேள்விகள். அந்தக் காட்டுக்குள் சாலை எங்கே போடுவது, ஓடையை எப்படிக் கடப்பது, செங்குத்தான சரிவிலிருந்து ஒரு டன் எடையுள்ள மரத்தடியை மண்ணைக் கிழிக்காமல் எப்படி மேலே கொண்டுவருவது, அதற்கு எந்த இயந்திரம், எவ்வளவு செலவு, அடுத்த மழையில் அந்தச் சரிவு நிற்குமா என்பவை வனப் பொறியியலின் கேள்விகள். சிவில், இயந்திரவியல், நீரியல், நில அளவை நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் காட்டின் நடுவில் நிறுத்திய துறை இது.

அப்படியானால் மரம் வெட்டக் கற்றுத்தரும் படிப்புதானே?

தொடக்கத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஓரிகனில் நூறாண்டுக்கு முன் இதற்கு இருந்த பெயரே மரவெட்டுப் பொறியியல். இன்று அப்படிச் சொன்னால் அது பாதி உண்மைதான். எனக்கு இந்தத் துறையின் மேல் உள்ள பிடிப்பே மீதிப் பாதியில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காடு அழிகிறது என்றதும் நம் கண்ணுக்குக் கோடாரிதான் தெரியும். மலைக்காட்டில் நீண்ட காலச் சேதத்தைச் செய்வது பல சமயம் சாலை. சரிவை வெட்டிச் சாலை போடும்போது வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அந்தத் தளர்ந்த மண் ஒரு பெருமழைக்குக் காத்திருக்கும். மலையிலிருந்து மண்ணுக்குள்ளேயே மெல்லக் கசிந்து இறங்க வேண்டிய தண்ணீரைச் சாலையோரக் கால்வாய் பிடித்து ஒரே இடத்தில் கொட்டும். சின்ன விட்டக் குழாயாகப் போட்ட சிறுபாலம் குப்பையால் அடைபட்டால், ஓடை சாலையையே அறுத்துக்கொண்டு போகும்.

இது வெறும் ஊகம் இல்லை. ஓரிகனின் காஸ்கேட் மலைத்தொடரில் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காடு என்று ஒன்று இருக்கிறது. 1948-இல் தொடங்கியது, சுமார் 6,400 ஹெக்டேர். அங்கே அருகருகே இருந்த சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் மரங்களை முழுவதும் வெட்டினார்கள், ஒன்றில் சாலை போட்டு ஆங்காங்கே திட்டுத்திட்டாக வெட்டினார்கள், ஒன்றை அப்படியே விட்டுவிட்டார்கள். 1964 டிசம்பர் பெருவெள்ளத்தில் சாலை போட்ட பகுதியில் சாலையோரங்கள் சரிந்து ஓடையையே அடியோடு வாரிக்கொண்டு போயின. மலைச்சாலையை எங்கே, எப்படிப் போடக் கூடாது என்பதற்கு இன்றுவரை எடுத்துச் சொல்லப்படும் பாடம் அது.

இன்னொன்று ஓரிகன் கடலோர மலையில் நடந்த ஆல்சி ஆய்வு. 1959 முதல் 1973 வரை மூன்று ஓடைகளைக் கண்காணித்தார்கள். நீடில் பிராஞ்ச் என்ற ஓடையின் கரைவரை ஒரு மரம் விடாமல் 1966-இல் வெட்டினார்கள். டியர் கிரீக்கில் கரையோர மரங்களை விட்டுவைத்துப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். ஃபிளின் கிரீக்கைத் தொடவில்லை. நிழல் போன நீடில் பிராஞ்சில் கோடைக்காலத் தண்ணீர் மிகவும் சூடேறியது. கரை மரம் விட்ட ஓடையில் அப்படி ஆகவில்லை. சால்மன், டிரவுட் மீன்களுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும் என்பதால் இது வெறும் வெப்பமானிக் கணக்கோடு நிற்கவில்லை. 1971-இல் ஓரிகன் கொண்டுவந்த வன நடைமுறைச் சட்டத்துக்குப் பின்னால் இந்த ஆய்வுகளின் பங்கு பெரியது.

எங்கே வெட்டலாம் என்பதோடு, எங்கே தொடவே கூடாது என்பதையும் எண்ணால் காட்டத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு.

ஓரிகனில் என்னென்ன பட்டங்கள் இருக்கின்றன?

அங்கே இதை நடத்துவது வனப் பொறியியல், வளங்கள், மேலாண்மைத் துறை. முதுநிலைப் பட்டத்தின் பெயர் 'வனப் பொறியியல்' என்று இருக்காது. நீடித்த வன மேலாண்மை என்ற பெயரில் எம்.எஸ்., எம்.எஃப். (மாஸ்டர் ஆஃப் ஃபாரஸ்ட்ரி), பிஎச்.டி. என மூன்று பட்டங்கள் தருகிறார்கள். அதற்குள் உங்கள் சிறப்புப் பிரிவாகப் பொறியியலையோ, வனச் செயல்பாட்டுத் திட்டமிடலையோ, வன நீர்ப்பிடிப்பு மேலாண்மையையோ, அளவியல் மற்றும் புவித் தகவலியலையோ எடுத்துக்கொள்ளலாம்.

பட்டப் பெயரில் 'பொறியியல்' இல்லை என்பதற்காகப் பலர் இந்தப் பக்கத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். உலகம் முழுக்க இந்தத் துறையில் இதே நிலைதான். துறையின் பெயரையும் ஆசிரியர்களின் ஆய்வுத் தலைப்புகளையும் பார்த்துத் தேடுங்கள். பட்டத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நல்ல இடங்களில் பாதி கண்ணில் படாது.

எம்.எஸ்.ஸா, எம்.எஃப்.ஆ?

எம்.எஸ். ஆய்வேட்டோடு கூடியது. ஒரு நெறியாளரின் கீழ் ஒரு பிரச்சினையை எடுத்து, களத்தில் அளந்து, எழுதி, குழுவின் முன் நின்று வாதாட வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஆகும். எம்.எஃப். தொழில்முறைப் பட்டம். பாடங்கள் அதிகம், ஆய்வேடு கிடையாது, சீக்கிரம் முடியும். இரண்டுக்கும் குறைந்தது 45 கிரெடிட் வேண்டும். அங்கே ஆண்டை நான்கு பருவமாகப் பிரிக்கிறார்கள் என்பதால், இந்த 45-ஐ நம் செமஸ்டர் கிரெடிட்டோடு ஒப்பிட வேண்டாம்.

நம் ஊரிலிருந்து போகிறவருக்கு என் பரிந்துரை எம்.எஸ்.தான். முதல் காரணம் பணம். ஆய்வுத் திட்டத்தில் நிதி இருந்தால் அது ஆய்வேடு எழுதும் மாணவருக்குத்தான் போகும். எம்.எஃப். படிப்பவர் பொதுவாகத் தன் கைக்காசைப் போட வேண்டும். இரண்டாவது காரணம், வெளிநாட்டுக் காட்டில் முன் அனுபவம் இல்லாத ஒருவருக்கு ஒரே இடத்தில் இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் நின்று அளப்பது தரும் பழக்கம் வகுப்பறையில் கிடைக்காது. ஏற்கெனவே பல ஆண்டு வனத்துறையிலோ தோட்ட நிறுவனத்திலோ வேலை பார்த்தவர், விடுப்பில் வந்து படிக்கிறவர் என்றால் எம்.எஃப். பொருந்தும்.

என்ன பாடங்கள் படிக்க வேண்டியிருக்கும்?

சாலை வடிவமைப்பு, சரிவு நிலைப்பு, வன நீரியல், மரம் எடுக்கும் முறைகள், போக்குவரத்துத் திட்டமிடல், புள்ளியியல், புவித் தகவல் அமைப்பு.

இவற்றில் நம்மவர்களுக்கு முற்றிலும் புதிதாக இருப்பது கம்பிவட முறை. இயந்திரம் இறங்க முடியாத சரிவில், மலை உச்சியில் ஒரு கோபுரத்தை நிறுத்தி எதிர்ச்சரிவுக்கு எஃகு வடம் கட்டி, அதில் ஓடும் வண்டியில் தடிகளைத் தொங்கவிட்டு இழுப்பார்கள். வடம் எவ்வளவு தொய்யலாம், அந்தத் தொய்வுக்கு எவ்வளவு எடை தாங்கும், நடுவில் மேடு இடித்தால் என்ன செய்வது என்று கணக்குப் போட வேண்டும். வடம் இறுக இறுக அதே சுமைக்கு விசை ஏறிக்கொண்டே போகும். இதில் தவறு நடந்தால் ஆள் செத்துப்போவார். அதனால் நிலைவிசையியல் (ஸ்டேடிக்ஸ்) தெரியாமல் இந்தப் பாடத்துக்குள் போகவே முடியாது.

லைடார் வந்தபிறகு இந்தத் துறை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. விமானத்திலிருந்து அனுப்பும் லேசர் கதிர்கள் இலைகளின் இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்புவதால், அடர்ந்த காட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் பழைய சாலையும் பழைய மண்சரிவும் வரைபடத்தில் வந்துவிடும். வன நிலப்படத்தைக் கணினியில் கையாளத் தெரிந்தவருக்கு இன்று மதிப்பு அதிகம். பைதான் அல்லது ஆர் நிரலாக்கம் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் முதல் பருவத்திலேயே பயன்படும்.

நம் ஊர்ப் பட்டம் போதுமா?

நான்காண்டுப் பட்டமாக இருந்தால் பொதுவாகப் போதும். பி.இ. சிவில், வேளாண் பொறியியல் படித்தவர்களுக்குக் கணக்கும் விசையியலும் இருக்கும், மரமும் மண்ணும் தெரியாது. பி.எஸ்சி. வனவியல் படித்தவர்களுக்கு நேர் எதிர். எந்தப் பக்கம் குறையோ அதற்குச் சில இளநிலைப் பாடங்களைக் கூடுதலாகப் படிக்கச் சொல்வார்கள்.

வனவியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: நுண்கணிதம், நிலைவிசையியல், நீர்ம இயக்கவியல் மூன்றையும் போவதற்கு முன்பே ஐஐடிகளின் இணையவழி என்பிடெல் வகுப்புகளில் படித்துவிடுங்கள். அங்கே போய் வாடகையும் குளிரும் சேர்ந்து நெருக்கும்போது இதைத் தொடங்குவது கொடுமை.

ஆங்கிலத் தகுதிக்கு டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் கேட்பார்கள். ஜிஆர்இ தேவையா என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. விண்ணப்பிக்கும் ஆண்டில் துறையின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

நேராக பிஎச்.டி.க்குப் போகலாமா?

முதுநிலை முடித்திருந்தால் போகலாம். ஆனால் ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆக வேண்டும் என்ற உறுதி இல்லாமல் போக வேண்டாம். களப் பொறியாளர் வேலைக்கு எம்.எஸ். தாராளம்.

வேறு எந்த நாடுகளில் படிக்கலாம்?

கனடாவில் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம். வனவியலில் எம்.எஸ்சி.யும், பொறியியல் சார்ந்த எம்.ஏ.எஸ்சி.யும் தருகிறார்கள். இரண்டும் ஆய்வேட்டோடு கூடியவை. ஒரு ஆண்டுக்குள் முடியும் நீடித்த வன மேலாண்மைப் பட்டமும் உண்டு. அந்த மாகாணத்தில் பதிவுபெற்ற தொழில்முறை வனவியலாளர் ஆவதற்கு அது ஒரு வழி.

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சின் கேன்டர்பரி பல்கலைக்கழகம். செங்குத்தான சரிவில் மரம் எடுப்பது பற்றி ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. அந்நாட்டின் ரேடியாட்டா பைன் தோட்டங்களில் பெரும்பங்கு மலைச்சரிவுகளில் இருக்கிறது. 2018 ஜூன் மாதம் பெய்த மழையில், வெட்டிய இடத்தில் விட்டுப்போன கிளைகளும் துண்டுகளும் வெள்ளத்தோடு இறங்கி டோலகா விரிகுடாவின் வயல்களையும் கடற்கரையையும் மூடின. 2023 பிப்ரவரியில் காப்ரியேல் புயலின்போது கிழக்குக் கரையில் மீண்டும் அதே துயரம். கழிவு மரத்தை என்ன செய்வது, எந்தச் சரிவில் தோட்டமே போடக் கூடாது என்பது அங்கே இன்று அரசியல் கேள்வியாகிவிட்டது. அங்கே ஆய்வு செய்பவர் அந்தக் கேள்விக்கு நடுவில்தான் நிற்பார். இன்னொரு நல்ல செய்தி, நியூசிலாந்தில் பிஎச்.டி. படிக்கும் வெளிநாட்டு மாணவர் உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் கட்டினால் போதும். முதுநிலைக்கு இந்தச் சலுகை இல்லை.

ஐரோப்பாவில் பின்லாந்தும் சுவீடனும் இயந்திர மரவெட்டின் தாயகங்கள். மரத்தை வெட்டி, கிளை கழித்து, அங்கேயே அளவாக நறுக்கிவிடும் ஹார்வெஸ்டர், அதைச் சுமந்து வரும் ஃபார்வர்டர் இரண்டும் அங்கே வளர்ந்தவை. பின்லாந்தில் யோயென்சூ நகரத்துக் கிழக்கு பின்லாந்துப் பல்கலைக்கழகத்தையும், சுவீடனில் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஊமியோ வளாகத்தையும் பாருங்கள். ஆல்ப்ஸ் மலைக்காட்டுச் சாலையும் கம்பிவடமும் வேண்டுமென்றால் வியன்னாவின் போக்கு (BOKU) பல்கலைக்கழகம். ஆனால் அங்கே பல பாடங்கள் ஜெர்மன் மொழியில் என்பதைக் கவனியுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? உதவித்தொகை கிடைக்குமா?

அமெரிக்காவில் ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும், மாதாமாதம் சம்பளமும் வரும். வகுப்பு நடக்கும் பருவத்தில் மாணவர் விசாவில் இருப்பவர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. இந்த இடம் கிடைக்காமல் கடன் வாங்கிப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கணினித் துறையில் வாங்கும் சம்பளத்தை மனத்தில் வைத்து இங்கே கடன் கணக்குப் போடக் கூடாது.

ஐரோப்பா இலவசம் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. சுவீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் முதுநிலை மாணவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. வனவியலுக்குப் பெயர்போன ஃபிரைபர்க் இருக்கும் ஜெர்மன் மாநிலத்தில் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து தீர்ந்துவிடும், போட்டி மட்டும் கடுமை.

படித்து முடித்தால் என்ன வேலை?

மரத் தோட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், மாநில வனத்துறைகள், பழங்குடி அரசுகளின் வனப் பிரிவுகள். அமெரிக்க மத்திய வனச் சேவையில் வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள், அதனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். வனப் பொறியியல் அங்கே அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வருவதால், படிப்புக்குப் பிந்தைய ஓராண்டு வேலை அனுமதியை மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் என்ன பாடக் குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே பாருங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகம் சொல்வதே கடைசி வார்த்தை.

வேலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. வாஷிங்டன் மாநிலத்தில் சாலைக்கு அடியில் போட்ட குழாய்கள் சால்மன் மீன் ஏற முடியாதபடி உயரத்திலோ வேகமான நீரோட்டத்திலோ இருந்தன. மீன்பிடி உரிமையை ஒப்பந்தமாகப் பெற்றிருந்த பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2013-இல் நீதிமன்றம் அவற்றை மாற்றச் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றத்திலும் அந்த ஆணை நிலைத்தது. 2030-ஐக் கெடுவாக வைத்து மாநிலம் நூற்றுக்கணக்கான கடவுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஓரிகனிலும் 2022-இல் வந்த சட்டத் திருத்தம், பெரிய தனியார் வன உடைமையாளர்கள் தங்கள் காட்டுச் சாலைகளைக் கணக்கெடுத்துச் செப்பனிட வேண்டும் என்கிறது. ஓடையையும் சாலையையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் இந்த வேலைகள்.

பொறியாளர் என்று கையெழுத்துப் போட அங்கே உரிமம் வேண்டும். அடிப்படைத் தேர்வு, சில ஆண்டு அனுபவம், பிறகு தொழில்முறைத் தேர்வு. அங்கீகாரம் பெற்றது பெரும்பாலும் இளநிலைப் பட்டம்தான் என்பதால், இந்திய பி.இ. பட்டத்தை மதிப்பீடு செய்து காட்ட வேண்டியிருக்கும். பி.எஸ்சி. வனவியல் முடித்தவருக்கு இந்தப் பாதை நீளம்.

இந்தியாவிலேயே படிக்க முடியாதா?

இங்கே வனப் பொறியியல் பெரும்பாலும் வனவியல் படிப்புக்குள் ஒரு பாடமாக மட்டும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும், திருச்சூர் வெள்ளானிக்கரையிலும் எம்.எஸ்சி. வனவியல் இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வனவியலோடு மர அறிவியல், தொழில்நுட்பமும் எம்.எஸ்சி.யாகப் படிக்கலாம்.

ஆனால் சாலையும் தண்ணீரும் சரிவும்தான் உங்கள் ஈர்ப்பு என்றால், கோயம்புத்தூர் வேளாண் பொறியியல் கல்லூரியில் மண், நீர்வளப் பாதுகாப்பு எம்.டெக்., ரூர்க்கி ஐஐடியில் நீரியல், ஏதாவது ஒரு நல்ல இடத்தில் மண் இயக்கவியல் என்று எடுத்து, ஆய்வேட்டுக்கு ஒரு காட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது இன்னும் சரியான வழி என்பது என் கருத்து.

வனப் பணியில் சேர்வதுதான் நோக்கம் என்றால் முதுநிலை கட்டாயம் இல்லை. பொறியியல் பட்டத்தோடே இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம்.

நம் ஊரில் இயற்கைக் காட்டில் மரமே வெட்டுவதில்லையே, திரும்பி வந்தால் இந்தப் படிப்புக்கு என்ன வேலை?

நியாயமான கேள்வி. கூடலூர்க் காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் போட்ட ஆணைக்குப் பிறகு நாடு முழுவதும் காட்டு மரவெட்டு இறுகிவிட்டது. நம் காகித ஆலைகளுக்குப் போவது விவசாயி வளர்த்த சவுக்கும் தைலமரமும்தான். அந்த அறுவடை இன்னும் பெரும்பாலும் கைவேலை. ஆள் கிடைக்காத நிலையில் சின்ன நிலத்துக்குப் பொருந்தும் இயந்திரம் எது, ஆலைவரை லாரிச் செலவை எப்படிக் குறைப்பது என்பவை பெரிய கேள்விகள். யாராவது இதில் இறங்க வேண்டும்.

அதைவிட முக்கியம் மலைச்சாலை. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைக்காகவும் வீட்டுக்காகவும் வெட்டிய சரிவு, அடைபட்ட வடிகால், மாற்றப்பட்ட நிலப்பயன்பாடு என்று ஓரிகனில் படித்த அதே காரணங்கள் இங்கேயும் பேசப்பட்டன. கோத்தகிரிச் சாலையில் ஒரு மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் சிறுபாலக் கணக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்று தெரியும்.

நீரியல் ஆய்வுக்கும் இங்கே முன்னோடி உண்டு. ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, ஒன்றில் தைலமரம் நட்டு, மற்றதைப் புல்வெளியும் சோலையுமாக விட்டு ஓடைநீரை அளந்தது. நட்ட முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது, வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்த்து வளரும் மறுதாம்புச் சுற்றில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. ஆண்ட்ரூஸ் காட்டுக்கு எந்த விதத்திலும் குறையாத கேள்வி இது. இதைத் தொடர்ந்து அளக்க ஆட்கள் வேண்டும்.

களப்பணி ரொம்பக் கடினமா?

மேற்கு ஓரிகனில் மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே சரிவில் நடக்க வேண்டியிருக்கும். மரவெட்டு அமெரிக்காவின் மிக ஆபத்தான தொழில்களில் ஒன்று, ஆகவே பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் களத்துக்கு விட மாட்டார்கள். பெண்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், களத்தில் வேலையும் செய்கிறார்கள். லாரி ஓடும் காட்டுச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்பதால், ஓட்டத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் கவலை தீரும்.

நெறியாளருக்கு எப்படி எழுதுவது? எப்போது?

இலையுதிர்ப் பருவத்தில் சேர வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் எழுதத் தொடங்குங்கள். பல இடங்களில் நெறியாளர் சம்மதிக்காமல் விண்ணப்பம் நகராது.

ஒரே மடலை ஐம்பது பேருக்கு அனுப்ப வேண்டாம், பார்த்ததும் தெரிந்துவிடும். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். உங்கள் ஊரில் நீங்களே பார்த்த ஒரு சாலையோ ஓடையோ சரிவோ இருந்தால் அதைச் சொல்லுங்கள். கையில் என்ன கருவி, என்ன மென்பொருள் பழக்கம் என்று ஒரு வரி. அடுத்த ஆண்டு நிதியோடு இடம் இருக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள், அவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மதிப்பெண் பட்டியலும் தன்விவரமும் இணைப்பில். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

மூன்று வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அப்போதும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். கோடையில் அவர்களில் பலர் கைப்பேசிக் கோபுரம் எட்டாத காட்டில் இருப்பார்கள்.